பழைய கதிரை, புது எடுப்பு

1950களின் மரச்சாமான்களுக்கு இப்போது உலகெங்கும் மவுசு. சண்டிகருக்கென அன்று செய்த தேக்கு, பிரம்புக் கதிரைகள் இன்று வெளிநாடுகளில் ஏலம் போகின்றன. உரும்பிராய் வீட்டு மூலையில் கிடக்கும் பழைய கதிரையையும் எறிந்துவிடாதீர்கள்.

● விறாந்தை: ஒரு சாய்மனைக் கதிரையே போதும். மழைச்சாரல் படாத பக்கம் போடுங்கள்.

● ஹோல்: மெல்லிய, சரிந்த கால் மேசை நல்லது. அடியில் நிலம் தெரிவதால் சின்ன அறையும் பெரிதாகத் தெரியும், கூட்டவும் சுகம்.

● படுக்கையறை: கண்ணாடி அலுமாரியை யன்னலுக்கு எதிரே வைத்தால் வெளிச்சம் கூடும்.

● வாங்கமுன்: கவிழ்த்துப் பாருங்கள். காலில் மண்தடம் இருந்தால் கறையான். கழன்ற பொருத்தை ஒட்டலாம். உளுத்த மரம் தேறாது.

● தொய்ந்த பிரம்பு: அடிப்பக்கத்தை ஈரத்துணியால் நனைத்து நிழலில் காயவிடுங்கள், இறுகும்.

அறைக்கு ஒரு எடுப்பான சாமான் போதும். இரண்டு வைத்தால் இரண்டும் எடுபடாது.