உமலும் சொப்பின் பையும்

சந்தைக்குப் போகும்போது பனையோலை உமலோ பன்பையோ கொண்டுபோவது முன்னாளில் நம்மவர் வழக்கம். இன்று வெறுங்கையுடன் போய், நாலைந்து சொப்பின் பைகளுடன் திரும்புகிறோம். நானும் அப்படித் திரும்பியவன்தான்.

அந்தப் பைகள் எங்கே போகின்றன? பல காற்றிலும் வடிகான்களிலும் அள்ளுண்டு வாவியைச் சேருகின்றன. மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமானது. ஆயினும் அது கடலுடன் கலப்பது பாலமீன்மடு, கல்லாறு ஆகிய ஈரிடங்களிலேயே. கோடையில் அம்முகத்துவாரங்களையும் மணற்றிட்டு அடைத்துவிடும். மாரி வெள்ளம் பெருகி முகத்துவாரம் வெட்டப்படும்வரை வாவியில் விழுந்தது வாவியிலேயே கிடக்கும். வலையில் ஏறும், கண்டல் வேர்களிற் சிக்கும். இறால் குஞ்சுகள் ஒதுங்கி வளர்வதும் அவ்வேர்களிடையேதான். பிடிபாடு குறைந்தால் முதலில் வாடுவது தோணிக்காரர் வீட்டு அடுப்பு.

கொழும்பில் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து உயிர்களைக் காவுகொண்டது 2017 ஏப்ரலில். அவ்வாண்டு செப்டெம்பர் முதலாந் திகதி பொலித்தீன் லஞ்ச் சீற்றும் 20 மைக்ரோனிலும் மெல்லிய பொலித்தீனும் தடைசெய்யப்பட்டன. ஆனாலும் கேட்காமலே பை நீட்டும் கடைகள் இருக்கத்தான் செய்கின்றன. "வேண்டாம்" என்று சொல்ல நமக்கும் ஏனோ கூச்சம்!

உமல் மீன் நாறும் என்பீர்கள். நாறத்தான் செய்யும். உப்புத் தண்ணீரில் அலசி வெயிலில் கவிழ்த்து வையுங்கள். பன்பையிலே ஈரச் சாமான் வைக்காதீர்கள், பூஞ்சணம் பிடிக்கும். அதை அரிசிக்கும் மரக்கறிக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.