பொது நிலமும் புறமாநில வேட்டைக்காரரும்

வேட்டை உரிமத்தைப் பற்றி மாணவர் இதழில் ஒரு கட்டுரையா என்று அன்பர்கள் வியக்கக்கூடும். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், அதற்கு 1991இல் வந்த திருத்தமும் விளையாட்டு வேட்டைக்கு இடமில்லாமல் செய்துவிட்டன. ஆயினும், சட்ட வகுப்பில் அமெரிக்க உச்ச நீதிமன்ற வழக்கொன்றைப் படித்தபோது, அதன் உள்ளே நமக்கும் நெருக்கமான ஒரு கேள்வி இருக்கக் கண்டேன். ஒரு நாட்டின் குடிமகன், அதே நாட்டின் வேறொரு மாநிலத்தில் எந்த அளவுக்கு வெளியூரான் ஆகிறான்? சொந்த மாநிலத்தை விட்டு வந்து இங்கே பயிலும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய கேள்வியன்றோ இது?

நிலம் யாருடையது, விலங்கு யாருடையது?

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் நிலத்தின் பெரும் பகுதி நடுவண் அரசைச் சேர்ந்தது. நெவாடாவில் நூற்றுக்கு 80 பங்கும், ஐடஹோவில் 60 பங்குக்கு மேலும் அத்தகைய நிலமே. அந்நாட்டு வனத்துறையின் பொறுப்பில் மட்டும் ஏறத்தாழ 19 கோடி ஏக்கர் உள்ளது. இந்த நிலம் நாட்டு மக்கள் அனைவருக்கும் பொது. நியூயார்க்கில் வாழ்பவரும் அங்கே சென்று மலையேறலாம். கூடாரம் அடித்துத் தங்கலாம். உள்ளூராருக்கு உள்ள உரிமை அவருக்கும் உண்டு.

ஆனால் அந்நிலத்தில் மேயும் விலங்கின் கதை வேறு. காட்டு விலங்கு தனியார் எவருக்கும் சொந்தமன்று. அந்தந்த மாநிலம் தன் மக்களின் சார்பில் அதைக் காக்கும் அறங்காவலர் என்பது அங்கே வேரூன்றிய கொள்கை. 1896இல் உச்ச நீதிமன்றம் விலங்குகளை மாநிலத்தின் உடைமை போலவே கருதியது. 1979இல் அந்த உடைமைக் கருத்தைக் கைவிட்டது. எனினும் விலங்குகளைப் பேணும் பொறுப்பும், வேட்டை உரிமம் வழங்கும் அதிகாரமும் மாநிலங்களிடமே நின்றன.

சிக்கலின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. நிலம் நாட்டினது, அதில் மேயும் மான் மாநிலத்தினது. புறமாநிலத்தார் காட்டுக்குள் நுழைவதை மாநிலம் தடுக்க இயலாது. துப்பாக்கியோடு நுழைவதற்கு வேண்டிய உரிமத்தை மட்டும் அளந்து கொடுக்கலாம்.

மான்டானா வழக்கு

நான் படித்த வழக்கு 1978இல் தீர்ப்பானது. மான்டானா மாநிலத்தில் 'எல்க்' எனப்படும் பெரிய மான்கள் உண்டு. 1976இல் உள்ளூரார் ஒருவர் எல்க் வேட்டைக்கு 9 டாலர் செலுத்தினால் போதும். புறமாநிலத்தாரோ பல விலங்குகளுக்கும் சேர்த்து வழங்கப்படும் கூட்டு உரிமத்தை 225 டாலர் கொடுத்து வாங்கியாக வேண்டும். எல்க் ஒன்றையே நாடுவோருக்கு இது 25 மடங்கு. அந்தக் கூட்டு உரிமமும் ஆண்டுக்கு 17,000 பேருக்கு மேல் இல்லை என வரம்பு கட்டப்பட்டிருந்தது. மான்டானாவின் வேட்டை வழிகாட்டி ஒருவரும், மின்னசோட்டாவைச் சேர்ந்த வேட்டைக்காரர் நால்வரும் வழக்குத் தொடுத்தனர்.

நீதிபதி பிளாக்மன் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு மாநிலத்தின் பக்கமே நின்றது. ஒரு மாநிலத்தார் இன்னொரு மாநிலத்தில் பிழைப்புத் தேடுவதைத் தடுத்தால் நாட்டின் ஒருமைக்கே ஊறு. எல்க் வேட்டையோ பொழுதுபோக்கு. அதில் வேற்றுமை காட்டுவதால் ஒருமை குலைந்துவிடாது என்பது அதன் சாரம். நீதிபதி பிரெனனும் அவரோடு இருவரும் மறுத்தனர். பறிக்கப்படும் உரிமை பெரிதா சிறிதா என்று பார்ப்பதை விட்டு, வேற்றுமை காட்டுவதற்குத் தக்க காரணம் உண்டா என்று பார்க்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். முதலில் படித்தபோது தீர்ப்பே சரியென்று எனக்குத் தோன்றியது. மீண்டும் படித்தபோது என் மனம் மறுத்தவர்கள் பக்கம் சாய்ந்தது. காரணத்தைப் பின்னர்ச் சொல்கிறேன்.

வழக்கு அதோடு ஓயவில்லை. அரிசோனா மாநிலம் சில வேட்டைகளில் புறமாநிலத்தாருக்கு நூற்றுக்குப் பத்து என வரம்பு வைத்திருந்தது. மாநிலங்களுக்கிடையேயான வாணிபத்தை அது பாதிக்கிறது என்று நடுவண் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று 2002இல் கூறியது. உடனே மாநிலங்கள் கலங்கின. 2005இல் அமெரிக்கப் பேரவை ஒரு சட்டம் இயற்றி, உள்ளூராருக்கும் புறத்தாருக்கும் வெவ்வேறு விதி வகுக்கும் அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டென்று உறுதி செய்தது. ஆகவே, மாநிலம் வரம்பு கட்டலாமா என்ற கேள்வி முடிந்துவிட்டது. எப்படிக் கட்டுவது நியாயம் என்ற கேள்வி மட்டும் எஞ்சி நிற்கிறது.

நெரிசலின் விளைவு

கோடிக்கணக்கான ஏக்கர் நிலத்தில் நெரிசலா என்று கேட்கலாம். வண்டி செல்லும் பாதைகள் சிலவே. வேட்டைக்குரிய நாட்களும் சிலவே. எல்லாரும் ஒரே பாதையில், ஒரே வாரத்தில் வந்து இறங்கினால் பெருங்காடும் சந்தைக் கூட்டமாகிவிடும். கூட்டத்தைக் கண்ட மான்கள் பொது நிலத்தை விட்டு, வேட்டைக்காரர் எளிதில் நுழைய முடியாத தனியார் பண்ணைகளுக்குள் ஒதுங்குகின்றன. பிறகு பொது நிலத்தில் ஆட்கள் மிகுதி, மான்கள் குறைவு. பண்ணையில் இடம்பெறப் பணம் கொடுக்க வல்லவனுக்கு வேட்டை வாய்க்கிறது. பொது நிலத்தையே நம்பிய எளியவன் வெறுங்கையோடு திரும்புகிறான். நெரிசலால் முதலில் அடிபடுபவன் ஏழை வேட்டைக்காரனே.

மாநிலங்கள் கண்ட வழிகள்

இதற்கு மாநிலங்கள் பல வழி கண்டுள்ளன. ஐடஹோ மாநிலம் முழுவதற்கும் ஓர் எண்ணிக்கை வைத்திருந்தும் சில பகுதிகளில் மட்டும் கூட்டம் குவிந்தது. ஆகையால் 2021 முதல் பகுதிவாரியாகப் புறமாநிலத்தாருக்கு வரம்பு வகுத்தது. கொலராடோவின் பல பகுதிகளில் புறமாநிலத்தார் வில்வேட்டை உரிமத்தைக் கடையில் வாங்குவதுபோல் வாங்கி வந்தனர். 2025 முதல் அவர்கள் குலுக்கலில் பெயர் கொடுத்தாக வேண்டும். வட டக்கோட்டா நாட்களை அளந்தது: நீர்ப்பறவை வேட்டையின் தொடக்க நாட்களை உள்ளூராருக்கென ஒதுக்கிப் புறத்தாரைப் பின்னர் வரச் செய்தது. வயோமிங்கின் வழி வேறு. நடுவண் அரசு அடர்கானகம் என அறிவித்த பகுதிகளில் புறமாநிலத்தார் வழிகாட்டி இன்றிப் பெருவிலங்கு வேட்டையாடலாகாது என்பது அங்குள்ள விதி.

மறுபக்கம்

புறமாநிலத்தாரின் வாதத்தையும் கேட்போம். வேட்டைத் துறைகளை நடத்தும் பணம் பெரும்பாலும் உரிமக் கட்டணத்திலிருந்து வருவது. மான்டானா போன்ற மாநிலங்களில் அதில் பெரும்பகுதி வெளியாரிடமிருந்தே கிடைக்கிறது. 1937இல் இயற்றப்பட்ட பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதிக்கப்படும் வரியும் விலங்குப் பாதுகாப்புக்கே செல்கிறது. அந்த வரியை நாடெங்கும் உள்ளோர் செலுத்துகின்றனர். அந்நிலத்தைப் பேணும் செலவிலும் அவர்கள் வரிப்பணம் உண்டு. ஆனால் வரம்பை வகுக்கும் மன்றத்தில் அவர்களுக்கு வாக்கு இல்லை. வாக்கில்லாதவனிடம் கட்டணத்தை உயர்த்துவதும், வாக்கில்லாதவனின் இடத்தைக் குறைப்பதும் அரசியல்வாதிக்கு மிக எளிது! மறுத்த நீதிபதிகளின் பக்கம் என் மனம் சாய்ந்தது இதனால்தான். வெளியூரானுக்கு வேறு காவல் இல்லாதபோது, காரணம் கேட்கும் உரிமையாவது அவனுக்கு வேண்டும்.

என் முடிவு

அப்படியானால் வரம்பே தவறா? இல்லை. ஆண்டு முழுதும் அம்மண்ணில் வாழ்ந்து, விலங்கினால் வேலியையும் வைக்கோலையும் இழந்து, குளிர்காலத்தைத் தாங்குபவனுக்கு முதல் பங்கு கேட்க உரிமை உண்டு. ஆனால் வரம்பு நேர்மையானதாக இருக்க மூன்று விதிகள் வேண்டும் என்பேன்.

முதலாவது, நெரிசல் எங்கே உள்ளதோ அங்கேதான் வரம்பு இருக்க வேண்டும். கூட்டமில்லாத காட்டிலும் வெளியாரைத் தடுப்பது நெரிசலைக் குறைப்பதன்று, வெறுப்பை வளர்ப்பது.

இரண்டாவது, இடத்தைக் குலுக்கலால் பகிர வேண்டும், விலையால் பகிரலாகாது. கட்டணத்தை ஏற்றிக் கூட்டத்தைக் குறைத்தால் செல்வர் உள்ளே வருவர். தச்சரும் ஓட்டுநரும் வெளியே நிற்பர். வழிகாட்டியைக் கட்டாயமாக்கும் விதியிலும் இந்தக் குறை உண்டு.

மூன்றாவது, வெளியார் குறைந்தால் வருவாயும் குறையும். அந்தக் குறையை உள்ளூராரே தம் கட்டணத்தைச் சிறிது உயர்த்தி ஈடு செய்ய வேண்டும். காடு தமக்கே வேண்டும், செலவு மட்டும் பிறர் தலையில் என்பது அறமாகாது.

நம் நாட்டில் மாநில அரசு மருத்துவக் கல்லூரிகளின் இடங்களில் நூற்றுக்குப் பதினைந்து, அனைத்திந்திய ஒதுக்கீடாக வழங்கப்படுகிறது. உள்ளூராருக்கு முதலிடம், வெளியூராருக்கும் ஓர் இடம் என்ற அதே சமன்பாட்டையே அங்கும் காண்கிறோம். ஆனால் பிளாக்மன் சொன்னபடி, பொழுதுபோக்கு வேறு, பிழைப்பு வேறு. கல்வியும் தொழிலும் பிழைப்பைச் சேர்ந்தவை. அவற்றில் வரம்பு கட்டுவோர் இன்னும் வலுவான காரணம் காட்டக் கடமைப்பட்டவர்கள்.

விருந்துக்கு வந்தவனிடம் வீட்டில் இடம் போதவில்லை என்று பணிவாகச் சொல்லலாம், அதில் குற்றமில்லை. அவன் கொண்டுவந்த பழக்கூடையை மட்டும் வாங்கிக்கொண்டு கதவைச் சாத்துவதுதான் குற்றம். வேட்டைக்காட்டு வாசலிலும் கல்லூரி வாசலிலும் நாம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: இடமில்லை என்பது மெய்யா?