சாலைக்கு மேலே ஒரு பாதை

பாயான் பாருவில் சாலையைக் கடக்க நமக்குப் போக்குவரத்து விளக்கும் நடைமேம்பாலமும் உதவுகின்றன. அதே பினாங்குத் தீவின் வடமேற்கில் உள்ள தெலுக் பஹாங்கில், மரம்விட்டு மரம் தாவும் லோத்தோங் குரங்குகளுக்கு முன்பு அத்தகைய வசதி ஏதும் இருக்கவில்லை. இக்குறையைக் கண்டு தீர்வு தேடியவர் வனவிலங்கு உயிரியலாளர் யாப் ஜோ லீன்.

லோத்தோங் கருஞ்சாம்பல் நிறமுடையது. அதன் கண்களைச் சுற்றி வெள்ளை வளையம் இருக்கும். குட்டியோ பொன்னிறமாகப் பிறக்கும். சில மாதங்களில் அதன் நிறம் மாறிவிடும். இலை, பூ, பழம் ஆகியவற்றை உண்ணும் இக்குரங்கு பெரும்பாலும் மரங்களிலேயே வாழ்கிறது. காட்டின் குறுக்கே சாலை வந்தால், அது தரையில் இறங்க வேண்டும் அல்லது மின்கம்பியில் நடக்க வேண்டும். இரண்டிலும் உயிருக்கு ஆபத்து உண்டு. இன்று லோத்தோங் உலக அளவில் அழியும் அபாயத்தில் உள்ள விலங்காகப் பட்டியலிடப்பட்டுள்ளது.

மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வை மேற்கொண்ட யாப், 2016-ஆம் ஆண்டில் 'லங்கூர் புரொஜெக்ட் பினாங்கு' எனும் ஆய்வுத் திட்டத்தைத் தொடங்கினார். குரங்குக் கூட்டங்களைப் பின்தொடர்ந்து, அவை எதை உண்கின்றன, எங்கே உறங்குகின்றன, எந்த இடத்தில் சாலையைக் கடக்கின்றன என்பனவற்றைக் குறித்துக்கொண்டார். இப்பணியில் பொதுமக்களும் தன்னார்வலர்களாக இணைந்தனர்.

அக்குறிப்புகள் வீண்போகவில்லை. 2019-ஆம் ஆண்டில் தெலுக் பஹாங் சாலைக்கு மேலே, இருபுற மரங்களையும் இணைத்து ஒரு பாலம் கட்டப்பட்டது. பழைய தீயணைப்புக் குழாய்களே அதற்கு மூலப்பொருள். அவை வெயிலையும் மழையையும் தாங்கவல்லவை. 'ஆ லாயின் கடவை' எனப் பொருள்படும் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது.

பாலம் தயாரானாலும் லோத்தோங்குகள் அதில் உடனே கால் வைக்கவில்லை. புதிய பொருளைக் கண்டால் காட்டு விலங்குகள் தயங்குவது இயல்பு.   ஆய்வுக் குழுவினர் கேமரா பொருத்திவிட்டுக் காத்திருந்தனர். அணில்களும் நீள்வால் குரங்குகளும் பாலத்தைப் பயன்படுத்தின. லோத்தோங்குகளும் அதில் நடந்து சாலையைக் கடந்தன. பொறுத்தார் பூமி ஆள்வார் என்பது இங்கு மெய்யாயிற்று.

ஒரு பாலத்தால் எல்லா விலங்குகளையும் காப்பாற்றிவிட முடியாது. ஆயினும், எந்த இடத்தில் பாலம் தேவை என்பதைக் கூர்ந்து நோக்குபவரே அறிவார். உங்கள் வீட்டருகே விலங்கு ஒன்று சாலையைக் கடப்பதைக் கண்டால், நாள், நேரம், இடம் ஆகிய மூன்றையும் ஏட்டில் குறித்து வையுங்கள். வனவிலங்கு உயிரியலாளரின் பணியும் அப்படித்தான் தொடங்குகிறது.