கொளுத்திவிட்ட வாயு

அன்புள்ள யாழினி,

"எண்ணெயை விற்றாலே போதுமே, சவூதிக்காரர்கள் எதற்கு மாமா ஆலை கட்டினார்கள்?" என்று போன வாரம் போனில் கேட்டாய். அவசரத்தில் ஏதோ சொல்லிவைத்தேன். ஜுபைலில் பதினோரு வருஷம் ஷிப்ட் பார்த்தவன் அப்படி நழுவியிருக்கக் கூடாது.

காலையில் நீ கத்தரிக்கும் பால் பாக்கெட்டை எடுத்துக்கொள். அந்த உறை, உறையாவதற்கு முன் ஜவ்வரிசி மாதிரி வெள்ளை மணிகளாக மூட்டையில் இருந்தது. உள்ளங்கையில் அள்ளினால் வழுக்கிக்கொண்டு ஓடும். ஜுபைலில் அந்த மணிக்கு மூலம், ஒரு காலத்தில் வீணாகக் கொளுத்தப்பட்ட பொருள்.

எண்ணெய் எடுக்கும்போது கூடவே எரிவாயுவும் வரும். வாங்க ஆள் இல்லை, கொண்டுபோகக் குழாய் இல்லை என்று அதில் பெரும்பகுதியைப் பாலைவனத்திலேயே எரித்துவிட்டார்கள். 1973இல் எண்ணெய் விலை எகிறி, கையில் பணம் சேர்ந்த பிறகுதான் அதைப் பிடித்துக் குழாயில் அனுப்பும் வேலை பெரிய அளவில் தொடங்கியது. அந்த வாயுவிலிருந்து ஈத்தேனைப் பிரித்து, நீராவி சேர்த்து, 800 டிகிரிக்கு மேல் உலையில் காய்ச்சினால் எத்திலீன். எத்திலீனைச் சங்கிலி சங்கிலியாகக் கோத்தால் பாலிஎத்திலீன். அதுதான் அந்த மணி.

ஆலைக்கு முன்னால் ஊர் வேண்டுமே! கிழக்கே ஜுபைல், மேற்கே செங்கடல் ஓரத்தில் யான்பு என்று இரண்டு நகரங்களைக் கட்டுவதற்கு 1975இல் ஓர் அரச ஆணையம் அமைத்தார்கள். ஜுபைல் அப்போது மீனும் முத்தும் எடுத்துப் பிழைத்த சிற்றூர். உப்புப் பூத்த தரை. மண் கொட்டி மேடாக்கித்தான் எதையும் நிறுத்த முடிந்தது. நான் நின்று நின்று பார்த்தது அங்கிருந்த வாய்க்காலைத்தான். கடல்நீர் அதில் ஓடிவந்து, ஆலைகளின் சூட்டைத் தணித்துவிட்டுக் கடலுக்கே திரும்பும். ஆலைக்கு ஆலை கடல்வரை தனிக்குழாய் போட வேண்டியதில்லை. ஏரி வாய்க்காலில் ஊரே பாசனம் செய்கிற நமக்கு அந்த யோசனையின் அருமை சட்டென்று புரியும்.

1976இல் சாபிக் என்ற அரசு நிறுவனம் பிறந்தது. ஷெல், எக்ஸான், மொபில் போன்ற வெளிநாட்டு நிறுவனங்களோடு பங்கு சேர்ந்து ஆலைகளை நிறுவினார்கள். வாயு இவர்களுடையது, தொழில்நுட்பம் அவர்களுடையது.

அதே 1976இல் ஜுபைல் துறைமுக ஒப்பந்தம் கொரியாவின் ஹூண்டாய்க்குக் கிடைத்தது. கொரியாவின் உல்சான் நகரில் செய்த ராட்சத எஃகுச் சட்டங்களைத் தட்டைப் படகுகளில் ஏற்றி, அத்தனை கடலையும் தாண்டி இழுத்துவந்தார்கள். சவூதிக்குத் துறைமுகம் கிடைத்தது. கொரியர்களுக்கு அதைவிடப் பெரியது, தொழில், கைவந்தது. எண்ணெய் நாடுகளைப் பற்றிப் படிக்கும்போது இந்த இடத்தில் கொஞ்சம் நில். கட்டடத்தைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம். கைப்பழக்கத்தை அப்படி வாங்க முடியாது.

ரசாயன ஆலை மலைபோல இருக்கும், ஆள் குறைவு. இரவு ஷிப்டில் எங்கள் கட்டுப்பாட்டு அறையில் ஆறே பேர். அதிலும் நெடுங்காலம் இந்தியரும் பிலிப்பினோக்களும்தான். ஈத்தேனோ பத்து லட்சம் பி.டி.யு. வெப்பம் தரும் அளவு முக்கால் டாலருக்குக் கிடைத்தது. 2016இல்தான் அதை 1.75 டாலராக உயர்த்தினார்கள். மலிவான வாயு ஆலைக்கு லாபம் தரும், உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வேலை தராது. அதற்குப் பள்ளி வேண்டும். ஆணையம் இரண்டு நகரங்களிலும் தொழிற்கல்லூரிகளைத் தொடங்கியதைத்தான் வாய்க்காலைவிடவும் ஆலைகளைவிடவும் பெரிய காரியமாக நான் நினைக்கிறேன்.

கடைசி வருஷம் என் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பழகியவன் ஜுபைல் தொழிற்கல்லூரியில் படித்த சவூதிப் பையன். முதல் மாதம் அலாரம் அடித்தாலே என் முகத்தைப் பார்ப்பான். நான் ஊருக்குக் கிளம்பிய வாரம், உலையைத் தனியாகவே ஓட்டினான்.

அன்புடன்,
மாமா