கைப்பிடி சாய்ந்தது, விமானம் சாயவில்லை

ஓமலூரையடுத்த காமலாபுரத்தில் விமான நிலையம் இருந்தும் எங்கள் குடும்பத்தில் எவரும் விமானம் ஏறியதில்லை. ஆகவே, அண்ணனுக்குப் பள்ளியில் அரசு வழங்கிய மடிக்கணினியில் ‘ஃபிளைட்கியர்’ என்னும் இலவசப் பறப்புப் பயிற்சி நிரலை ஏற்றினேன். பழைய ஜாய்ஸ்டிக் ஒன்றை 600 ரூபாய்க்கு வாங்கினேன். பாக்குத் தோப்பில் அப்பாவின் ஒரு நாள் கூலி அது. கைப்பிடியை இழுத்தால் விமானம் மூக்கைத் தூக்கியது. இடம் வலம் மட்டும் சாய மறுத்தது.

குறை நிரலிலா, கருவியிலா? விண்டோஸின் ‘ரன்’ கட்டத்தில் ‘ஜாய் டாட் சி.பி.எல்.’ என ஆங்கிலத்தில் தட்டி, கருவியின் பண்புகளைத் திறந்தால் சதுரத்தினுள் ஒரு கூட்டல் குறி தெரியும். பறப்பு நிரலுக்கு இங்கே வேலையில்லை. குறி மேலும் கீழும் நகர்ந்தது, பக்கவாட்டில் அசையவேயில்லை. ஆக, கோளாறு கருவியினுள்தான்.

இணைப்பை எடுத்துவிட்டுப் பிரித்தேன். உள்ளே, வானொலியில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் அதே வகை மாறு மின்தடைகள் இரண்டு! ஓரமுனைகளுக்கிடையே மின்னழுத்தம்; நடுமுனை நகர நகர அதன் பங்கு மாறும். நாம் ஆய்வகத்தில் கையாளும் மின்னழுத்தமானியின் தத்துவமே இது. (தேர்வில் எழுதியவன், நேரில் கண்டு விழித்தேன்.) ஒன்றின் நடுமுனைக் கம்பி ஈயப்பற்று விட்டுத் தொங்கியது. வானொலி பழுதுபார்ப்பவர் ஒரு சொட்டு ஈயம் வைத்தார்.

அன்றிரவு விமானம் இடப்புறம் சாய்ந்தது. அப்பா அருகில் அமர்ந்து பார்த்தார்.

“எறக்கத் தெரியுமா கண்ணு?”

“இன்னும் தெரியாதுங்கப்பா.”