கருத்துப்படம் வரையும் தங்கைக்கு

அன்புத் தங்கைக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். கோட்டில் தெம்பு இருக்கிறது, முகச்சாயலையும் சட்டென்று பிடித்துவிடுகிறாய். ஆனால் டெல்லிக்குப் பணிந்துபோன அமைச்சருக்குச் சேலை கட்டி வளையல் மாட்டியிருக்கிறாயே, அதுதான் உறுத்துகிறது. நம் அரசியல் மேடைகளில் அரைத்துப் புளித்த வசை அது. அவர் எதில் பணிந்தார், யாருக்கு என்ன நட்டம் என்று படம் சொல்லவில்லை. பெண்ணாயிருப்பதே இழிவு என்று மட்டும் சொல்கிறது. கறுப்பு நிறம், தொப்பை, சக்கர நாற்காலி எல்லாம் இதே கணக்குதான். ஒருவரின் உடம்பு அவர் செய்த குற்றமல்ல. அவர் செய்ததைத் தேடி வரை.

1975 டிசம்பரில் அபு ஆபிரகாம் ‘இந்தியன் எக்ஸ்பிரஸ்’ நாளிதழில் வரைந்த படத்தை எடுத்துவைத்து நிதானமாகப் பார். நெருக்கடிநிலைக் காலம். குடியரசுத் தலைவர் ஃபக்ருதீன் அலி அகமது குளியல் தொட்டியில் இருக்கிறார். கையெழுத்திட்ட தாளையும் பேனாவையும் கதவுப்பக்கம் நீட்டுகிறார். இன்னும் அவசரச் சட்டங்கள் இருந்தால் கொஞ்சம் காத்திருக்கச் சொல்கிறார். அவ்வளவுதான் படம். குளிப்பவரின் உடம்பைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. எதை நீட்டினாலும் கையெழுத்துப் போடும் அந்தக் கையைப் பார்த்துச் சிரிக்கிறோம், உடனே பயமும் வருகிறது. தணிக்கை அமலில் இருந்தபோதே அது அச்சேறியது.

பெரிய கைகளுக்கும் குறி தவறும். இந்தி எதிர்ப்புப் போராட்டம் பற்றி ஆர்.கே. லக்ஷ்மண் வரைந்த படம் ஒன்று, பன்னிரண்டாம் வகுப்பு என்சிஇஆர்டி பாடநூலில் இருந்தது. போராடிய மாணவனுக்கு ஆங்கிலமும் தெரியாது என்று அது கேலி செய்தது. 2012இல் தமிழ்நாட்டில் கடும் எதிர்ப்பு எழுந்தது. 1965இல் அந்த மாணவர்கள் துப்பாக்கிக்கு முன்னால் நின்றவர்கள். அன்றைக்குக் கேலிக்கு உரியவர் சுட ஆணையிட்டவர்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

இன்னொன்று. பாறையில் ‘விலைவாசி’, சுமப்பவன் முதுகில் ‘பொதுஜனம்’ என்று எழுதும் பழக்கத்தை விடு. பாரதி 1906இல் ‘இந்தியா’ இதழில் கருத்துப்படங்களோடு விளக்கமும் போட்டார் என்றால், வாசகர்களுக்கு அந்த வடிவமே அப்போது புதிது. இன்றைய வாசகருக்கு அந்த விளக்கம் தேவையில்லை.

சரியாகக் குறிபார்த்தாலும் அடி விழும், அதையும் தெரிந்துகொள். எம்.எல்.ஏ.க்களையும் அமைச்சர்களையும் யார் பெயரும் சொல்லாமல் கிண்டல் செய்த அட்டைப்பட ஜோக்குக்காக, 1987இல் ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குச் சட்டமன்றம் மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. எதிர்ப்பு வலுத்ததும் சில நாட்களில் விட்டார்கள். 1994இல் உயர் நீதிமன்றம் அவருக்கு 1000 ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. 2025 பிப்ரவரியில் டிரம்ப் பக்கத்தில் பிரதமர் விலங்கோடு உட்கார்ந்திருக்கும் படம் விகடனின் இணைய இதழில் வந்தது. இந்தியர்களை விலங்கிட்டு அமெரிக்கா திருப்பி அனுப்பியதற்குப் பிரதமர் வாய் திறக்காததைச் சொன்ன படம் அது. இணையதளமே முடக்கப்பட்டது. அந்தப் படத்தை அப்போதைக்கு எடுத்த பிறகுதான் தளம் திறந்தது.

அதனால் ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் அது எந்தச் செய்தியிலிருந்து வந்தது என்று தேதியோடு எழுதி, அந்தச் செய்தியையும் வெட்டி ஒட்டி வை. யாராவது கேட்டால் எடுத்துக் காட்டலாம். அமைச்சர் படத்தைத் திரும்ப வரைந்து அனுப்பு. அவர் கையெழுத்திட்ட கோப்பு அதில் இருக்கட்டும்.

அன்புடன்,
அண்ணன்