உடனிருப்பவருக்கும் வலிக்கும்

கேள்வி: மனைவிக்கு மார்பகப் புற்றுநோய், கீமோதெரபி நடக்கிறது. எல்லோரும் அவரைத்தான் விசாரிக்கிறார்கள். எனக்குத் தூக்கமே போய்விட்டது. இதை வெளியே சொன்னால் சுயநலம் ஆகிவிடாதா?

பதில்: நிச்சயமாக ஆகாது.

துணைவர் நோயில் விழும்போது உடனிருப்பவரின் தூக்கமும் பசியும் கெடுவது மருத்துவ உலகம் நன்கறிந்த பாதிப்புதான். மறதிநோயாளிகளைக் கவனிப்போரின் சுமையை அளக்க ஆய்வாளர் ஸ்டீவன் ஜாரிட் குழுவினர் 1980-இல் உருவாக்கிய வினாப்பட்டியல், இன்று புற்றுநோய்க் குடும்பங்களிடமும் பயன்படுகிறது. தனக்கென நேரமில்லையா, உடல்நலம் கெட்டதா என்றெல்லாம் அது கேட்கிறது.

மருத்துவர்களுக்கும் இந்தப் பாரம் உண்டு. இந்திய வம்சாவளியைச் சேர்ந்த அமெரிக்க மூளை அறுவை மருத்துவர் பால் கலாநிதி, நுரையீரல் புற்றுநோயால் 2015-இல் தம் 37-ஆம் வயதில் மறைந்தார். மனைவி லூசியும் மருத்துவர். நோயைப் பற்றி அவ்வளவு தெரிந்த அந்த இருவருமே, புற்றுநோயாளிகளுக்கான தம்பதியர் ஆலோசகரிடம் போனார்கள். மருத்துவ அறிவு வேறு, மனப்பாரம் வேறு என்பதை அவர்கள் உணர்ந்திருக்க வேண்டும்.

நம் ஆண்கள் பலர் மனைவி முன் கலங்கக் கூடாதென்று எல்லாவற்றையும் விழுங்கிக்கொள்கிறார்கள். மனைவிக்கோ அது விலகலாகத் தோன்றும். ‘எனக்கும் பயமாக இருக்கிறது’ என்று ஒருமுறை சொல்லிப் பார்க்கலாம்.

‘ஏதாவது உதவி வேண்டுமா?’ என்று கேட்கும் உறவினரிடம் வேலையைக் குறிப்பிட்டே கேட்க வேண்டும்: செவ்வாய் மதியச் சாப்பாடு, பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்துவருவது. சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் உளவியல் துறையே இருக்கிறது. மற்ற இடங்களிலும் ஆலோசகர் உண்டா என்று விசாரிக்கலாம். 14416 என்ற டெலி-மனஸ் இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலேயே, நள்ளிரவிலும் பேசலாம். தூக்கமின்மை வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடக் கூடாது.